பாக்ஸ் பிளேடு வாங்கப் போகிறீர்களா? பல்லை எண்ணாதீர்கள்

பாக்ஸ் பிளேடு, அதாவது டிராக்டரின் பின்னால் மாட்டித் தரையைக் கிளறவும் சமப்படுத்தவும் உதவும் இரும்புப் பெட்டி, வாங்கலாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை பல் இருக்கும்?" என்பதைத்தான். பல் முன்னால் வரிசையாகத் தொங்குகிறது, பார்க்கவும் மிரட்டலாக இருக்கிறது, அதனால் கண் அங்கேதான் போகும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பெட்டி எத்தனை கிலோ?

காரணம் சாதாரணமானது. பெரும்பாலான டிராக்டர்களில் பின்பக்க ஹைட்ராலிக் தூக்க மட்டும்தான் செய்யும், கீழே அழுத்தாது. லீவரை இறக்கினால் சிலிண்டரில் இருக்கும் எண்ணெய் வெளியே போகிறது, கருவி தன் சொந்த எடையில் இறங்குகிறது, அவ்வளவுதான். ஜேசிபி ஓட்டுபவர் பக்கெட்டைத் தரையில் ஊன்றி வண்டியின் முன்சக்கரத்தையே தூக்கிக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த வித்தையெல்லாம் இங்கே நடக்காது. பாக்ஸ் பிளேடு கெட்டித் தரைக்குள் இறங்க வேண்டுமென்றால் அதன் எடை வேண்டும், பல்லும் அடியில் இருக்கும் வெட்டுப் பட்டையும் தரையைத் தொடும் கோணம் சரியாக இருக்க வேண்டும். எடை இல்லாத பெட்டியில் ஆறு பல் என்ன, அறுபது பல் வைத்தாலும் தரையைக் கிறுக்கிக்கொண்டே வரும், கிளறாது. சொல்லப்போனால் அதே எடையை அதிகப் பற்கள் பங்குபோட்டுக்கொள்வதால் ஒவ்வொரு பல்லுக்கும் கிடைக்கும் அழுத்தம் குறையத்தான் செய்யும்.

இந்தக் கருவியைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பின்னால் ஒரு நீளமான தகடு, இரண்டு பக்கமும் இரண்டு தகடு, முன்பக்கமும் மேலும் கீழும் திறந்திருக்கும், அதாவது மூன்று சுவர் மட்டும் உள்ள ஒரு பெட்டி. பின் தகட்டின் அடியில் இரண்டு வெட்டுப் பட்டைகள் இருக்கும், ஒன்று முன்னோக்கி, ஒன்று பின்னோக்கி. முன்னால் போகும்போது ஒன்று சீவும், ரிவர்ஸில் வரும்போது மற்றது தள்ளும். பெட்டியின் முன்பகுதியில் குறுக்கே ஒரு சட்டம், அதில் செங்குத்தாக இறங்கும் தண்டுகள், தண்டின் நுனியில் கழற்றி மாட்டக்கூடிய முனை. இந்தத் தண்டுகள்தான் ஸ்காரிஃபையர், பேச்சுவழக்கில் பல். ஒவ்வொரு தண்டிலும் சில துளைகளோ வெட்டுகளோ இருக்கும், அதில் செருகிய இரும்புப் பின்னைக் கழற்றி மேலேயோ கீழேயோ நகர்த்தி ஆழத்தை மாற்றலாம், வேண்டாம் என்றால் முழுசாக மேலே ஏற்றிவிடலாம்.

சாதாரண லெவலிங் பிளேடுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பக்கத் தகடுகள்தான். தட்டையான பிளேடில் மண் இரண்டு ஓரமும் வழிந்து கரை கட்டிக்கொண்டே போகும். இதில் மண் பெட்டிக்குள் மாட்டிக்கொள்கிறது, மேட்டில் சீவியது உள்ளே உருண்டுகொண்டே வருகிறது, பள்ளம் வந்ததும் தானாக அடியில் இறங்கி நிரம்புகிறது. ஆக இது சீவுகிற கருவி என்பதைவிட மண்ணைச் சுமக்கிற கருவி. இது மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தானே புரிந்துவிடும், எதை வாங்குவது என்பது உட்பட.

வாங்குவது பற்றி. அகலம் டிராக்டரின் பின்சக்கரத் தடங்களை வெளிவிளிம்பு வரை மூடவேண்டும், குறைந்தால் சமப்படுத்திய இடத்திலேயே டயர் தடம் விழுந்துகொண்டிருக்கும். அதற்காக அகலத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் கூடாது. 20 முதல் 25 குதிரைத்திறன் சிறிய டிராக்டருக்கு நாலடி, 25 முதல் 35 வரை ஐந்தடி, 35 முதல் 50 வரை ஆறடி, அதற்கு மேல் ஏழடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் பொருத்தம். இரண்டுக்கும் நடுவில் குழப்பம் வந்தால் நான் சின்னதும் கனமானதும் பக்கம் நிற்பேன். ஆறடியில் லேசான பெட்டியைவிட ஐந்தடியில் கனமான பெட்டி பல மடங்கு வேலை செய்யும். கெட்டித் தரை கிளற வேண்டியிருந்தால் அடிக்கு 50 கிலோ என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தடிக்கு 250. இது என் சொந்த அளவுகோல்தான், ஆனால் இதற்கு ரொம்பக் கீழே இருக்கும் பெட்டிகள் ஏற்கெனவே பொலபொலவென்று இருக்கும் மண்ணை இழுப்பதற்குத்தான் ஆகும். எடை போதவில்லை என்று மேலே மண் மூட்டையைக் கட்டி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், ஆடாமல் அசையாமல் போல்ட் போட்டு இறுக்கிய இரும்பாக இருந்தால் பரவாயில்லை, சும்மா ஏற்றிவைத்த கல் திருப்பத்தில் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது இணைப்பு. கருவியைக் கீழே இரண்டு லிங்க், மேலே திருகி நீளத்தை மாற்றக்கூடிய ஒரு டாப் லிங்க் என்று மூன்று இடத்தில் டிராக்டரோடு மாட்டுவதுதான் முப்புள்ளி இணைப்பு. அதில் வகை ஒன்று, வகை இரண்டு என்று அளவுகள் உண்டு. வகை ஒன்றில் கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர், டாப் லிங்க் பின் 19. வகை இரண்டில் கீழே 28, மேலே 25. டிராக்டரின் லிங்க் துளை பெரிசாக இருந்து பெட்டியின் பின் சிறிசாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் புஷ் வளையம் போட்டுச் சமாளிக்கலாம், தலைகீழாக இருந்தால் சமாளிக்க முடியாது. வாங்கும் இடத்துக்கே உங்கள் டிராக்டரின் டாப் லிங்க் பின்னை எடுத்துக்கொண்டு போய் மாட்டிப் பாருங்கள்.

பெட்டியைச் சுற்றி வந்து பார்க்கவேண்டியவை சில உண்டு. வெட்டுப் பட்டை வெல்டு வைத்து ஒட்டியதா, போல்ட் போட்டு மாட்டியதா என்பது ரொம்ப முக்கியம். பட்டை தேயும் பொருள், தேய்ந்தால் மாற்றியாக வேண்டும். நல்ல பெட்டியில் பட்டை தனியாகக் கழலும், ஒரு விளிம்பு தேய்ந்ததும் திருப்பி மாட்டி மறுவிளிம்பைப் பயன்படுத்தலாம். வெல்டு வைத்திருந்தால் கேஸ் கட்டர், வெல்டிங் என்று பட்டறையிலேயே பாதி நாள் போகும். பக்கத் தகட்டின் அடிவிளிம்பிலும் இதே கதைதான், தரையில் உரசி உரசி முதலில் தேய்வது அதுதான், அங்கே மாற்றக்கூடிய பட்டை இருந்தால் நல்லது. டாப் லிங்க் மாட்டும் மேல் சட்டத்திலிருந்து பின் தகட்டுக்கு இறங்கும் தாங்கு கம்பிகளின் வெல்டு தொடர்ச்சியாக ஓடியிருக்கிறதா, அங்கங்கே புள்ளி வைத்ததா என்று பாருங்கள், இழுவையின் சுமை அந்த முக்கோணத்திலும் போய் உட்காருகிறது. பழைய பெட்டி என்றால் பின் மாட்டும் துளை வட்டமாக இருக்கிறதா முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் பளபளவென்று புது பெயின்ட் இருந்தால் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

பற்களில் எண்ணிக்கையைவிட நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்று. எல்லாப் பல்லையும் முழுசாக மேலே ஏற்றினால் அவற்றின் முனை வெட்டுப் பட்டையின் மட்டத்துக்கு மேலே தெளிவாகப் போகிறதா? சில பெட்டிகளில் போவதே இல்லை, கடைசித் துளையில் மாட்டினாலும் முனை பட்டைக்குக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட பெட்டியில் வழுவழுப்பாக மட்டம் எடுக்கவே முடியாது, கடைசி ஓட்டத்திலும் கோடு விழும், பல்லை மொத்தமாகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் ஓட்டவேண்டும். பின்களைக் கழற்றிப் போட எவ்வளவு சிரமம் என்பதையும் அங்கேயே நின்று செய்து பாருங்கள். வேலைக்கு நடுவில் பல்லை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கவேண்டிவரும், கை நுழையாத இடத்தில் பின் இருந்தால் சலிப்பில் ஏற்றாமலே ஓட்ட ஆரம்பித்துவிடுவோம். ஹைட்ராலிக்கில் பல் ஏறி இறங்கும் பெட்டிகளும் இருக்கின்றன, பெரிய டிராக்டரும் தினசரி வேலையும் இருந்தால் யோசிக்கலாம், என் அளவு வேலைக்கு அது அதிகம்.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று, மாட்டியாயிற்று. இனி எல்லாம் டாப் லிங்க்தான்.

டாப் லிங்கைச் சுருக்கினால் பெட்டியின் தலை டிராக்டரை நோக்கிச் சாய்கிறது, மூக்கு கீழே இறங்குகிறது, பல் ஆழமாக இறங்கும், முன் பட்டை ஆவேசமாக வெட்டும். நீட்டினால் பெட்டி பின்னால் சாய்கிறது, பல் தூக்கிக்கொள்கிறது, பின் பட்டைமேல் பெட்டி உட்கார்ந்து மண்ணைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வருகிறது. கிளற வேண்டுமா சுருக்கு, இழைக்க வேண்டுமா நீட்டு. இரண்டு மூன்று சுற்று திருகினாலே நடத்தை மாறிவிடும், அதனால் ஒரேயடியாகத் திருகாமல் ஒரு சுற்று மாற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, இறங்கிப் பார்த்து, மறுபடி மாற்றுங்கள். பெட்டியைச் சமதரையில் வைத்து இரண்டு பட்டையும் ஒருசேரத் தரையைத் தொடும் நிலையில் டாப் லிங்கின் மரையில் ஒரு பெயின்ட் கோடு போட்டுவைத்தால் ஒவ்வொரு முறையும் அங்கிருந்து தொடங்கலாம்.

பாக்ஸ் பிளேடு பிரயோஜனமில்லை என்று திட்டுபவர்களில் முக்கால்வாசிப் பேர் கிளறுவதையும் சுமப்பதையும் ஒரே ஓட்டத்தில் செய்யப் பார்ப்பவர்கள். பல்லும் கீழே, பட்டையும் கீழே, வண்டி முக்கித் திணறி நின்றுவிடுகிறது, சக்கரம் சுற்றுகிறது, டிராக்டருக்குப் பலம் போதவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஐந்தடிப் பெட்டி, அதாவது சுமார் ஒன்றரை மீட்டர் அகலம். உள்ளே முன்பின் 60 சென்டிமீட்டர், சராசரியாக 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் நின்றால் கொள்ளளவு ஏறக்குறைய 0.22 கன மீட்டர். தளர்ந்த மண் கன மீட்டருக்கு 1.3 டன் என்று வைத்தால் 290 கிலோ, கிட்டத்தட்ட பெட்டியின் எடையே இன்னொரு பங்கு. இப்போது இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் சீவுகிறீர்கள் என்றால் எவ்வளவு தூரத்தில் பெட்டி நிரம்பும்? 6 மீட்டரில். கெட்டி மண் உடைந்தால் உப்பும் என்பதையும் சேர்த்தால் 5 மீட்டர்கூடப் போகாது. 5 சென்டிமீட்டர் ஆழம் என்றால் இரண்டரை மீட்டரிலேயே நிரம்பிவிடும், அதாவது டிராக்டர் தன் நீளத்துக்குக்கூட நகர்ந்திருக்காது. அதற்கு மேல் எஞ்சினைக் கதறவிட்டு என்ன பயன்?

அதனால் முதலில் கிளறல் மட்டும். டாப் லிங்கைக் கொஞ்சம் சுருக்கி, பற்களை இறக்கி, பட்டை தரையைத் தொடாத அளவுக்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, லோ கியரில் நடக்கிற வேகத்தில் ஓட்டுங்கள். தரை பாறை மாதிரி இருந்தால் எல்லாப் பல்லையும் இறக்க வேண்டியதில்லை, ஒன்று விட்டு ஒன்று இறக்கினால் இருக்கிற எடை குறைவான முனைகளில் குவியும், அது இறங்கும். ஒரு திசையில் கிளறிவிட்டு அடுத்து குறுக்காகக் கிளறினால் பாளம் பாளமாகப் பெயர்வது உடைந்து தூளாகும். எத்தனை ஓட்டம் வேண்டும் என்பது மண்ணைப் பொறுத்தது, செம்மண் சரளை ஒரு மாதிரி, காய்ந்த களி வேறு மாதிரி. பிறகு பல்லையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு, டாப் லிங்கை நடுநிலைக்குக் கொண்டுவந்து, சுமக்கும் வேலையைத் தொடங்குங்கள். மேட்டில் வெட்டு, பெட்டி முக்கால் நிரம்பியதும் லீவரைக் கொஞ்சமாகத் தூக்கி வெட்டுவதை நிறுத்து, பள்ளம் வரை இழுத்துப் போ, அங்கே மெதுவாகத் தூக்கிப் பரப்பு. லீவர் அசைவு விரல் அளவுதான் இருக்கவேண்டும். கை பழகும்வரை தரை கடல் அலை மாதிரிதான் வரும், அதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம்.

அலை என்றதும் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இது ஓட்டுபவரின் கையில் மட்டும் இருக்கும் குறை இல்லை. லீவர் வைத்த உயரத்திலேயே கருவியைப் பிடித்து நிறுத்தும் பொசிஷன் கண்ட்ரோலில் பெட்டி டிராக்டரோடு சேர்ந்து இறுகி நிற்கிறது, டிராக்டர் தலையாட்டினால் பெட்டி வாலாட்டும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2 மீட்டர், பின் அச்சிலிருந்து பட்டை ஒன்றரை மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். முன்சக்கரம் 10 சென்டிமீட்டர் மேட்டில் ஏறினால் பட்டை ஏழரை சென்டிமீட்டர் கீழே இறங்கி வெட்டுகிறது. அடுத்து பின்சக்கரம் அதே மேட்டில் ஏறும்போது பட்டை பதினேழரை சென்டிமீட்டர் மேலே போகிறது. ஒரு பத்து சென்டிமீட்டர் மேடு பட்டையில் 25 சென்டிமீட்டர் ஆட்டமாகிறது. அது வெட்டிய பள்ளமும் விட்டுப்போன மேடும் அடுத்த ஓட்டத்தில் சக்கரத்துக்கு அடியில் வரும், இன்னும் பெரிதாகும். வேகத்தைக் கூட்டினால் கேட்கவே வேண்டாம்.

இதிலிருந்து தப்பிக்க எனக்குத் தெரிந்த வழிகள்: மேடுபள்ளத்துக்கு நேராகப் போகாமல் கோணமாகப் போனால் இடது, வலது சக்கரங்கள் ஒரே நேரத்தில் ஏறாது, ஆட்டம் பாதியாகும். பெட்டியில் எப்போதும் மண் இருக்கட்டும், காலிப் பெட்டிதான் துள்ளும். ஓரளவு மட்டம் வந்த பிறகு டாப் லிங்கை நீட்டி, லீவரை முழுசாக இறக்கிவிட்டு, பெட்டியைத் தரைமேல் சுதந்திரமாக உட்காரவிட்டு இழுத்தால் டாப் லிங்க் வழியாகக் கொஞ்சம் ஆட்டம் வருமே தவிர பழைய கூத்து இருக்காது. இங்கேதான் எடை மறுபடியும் வந்து நிற்கிறது, லேசான பெட்டியை இப்படி விட்டால் மேட்டை வெட்டாமல் மேட்டின்மேல் ஏறி இறங்கிப் போய்விடும்.

டிராஃப்ட் கண்ட்ரோலைச் சமப்படுத்தும் வேலையில் தொடாதீர்கள். ஹாரி பெர்குசனின் முப்புள்ளி இணைப்பு 1936இல் பெர்குசன்-பிரவுன் டிராக்டரிலும் 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டரிலும் வந்தபோது அதன் பெருமையே இதுதான், இழுவை கூடினால் ஹைட்ராலிக் தானாகக் கருவியைக் கொஞ்சம் தூக்கிவிடும். கலப்பைக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் மட்டம் எடுக்கும்போது பெட்டி நிரம்பினாலே இழுவை கூடும், உடனே அது தூக்கும், மண் கொட்டும், இழுவை குறையும், மறுபடி இறக்கும், நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்க அதுவே உங்களுக்காக அலை போட்டுக் கொடுக்கும். கெட்டித் தரையில் பல் இறக்கிக் கிளறும்போது மட்டும் அது கொஞ்சம் உதவும்.

வண்டிப்பாதைக் குழிக்கு வருவோம், பலரும் இந்தக் கருவியை வாங்குவதே அதற்காகத்தான். குழியில் சரளையைக் கொட்டி மேலே இழுத்துவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும், ஒரு மழைக்குப் பிறகு அதே இடத்தில் அதே குழி. குழியின் அடியும் சுவரும் இறுகிப்போன தரை, அதற்குள் போட்ட மண் அதோடு ஒட்டுவதில்லை, சக்கரம் ஏறி ஏறி வெளியே எறிந்துவிடும். குழியின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள தரையைக் கிளறி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, மறுபடி பரப்பி இறுக்கினால்தான் நிற்கும். பல்லுக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது, இதற்காகவே பல் உள்ள பெட்டியை வாங்கலாம். குழி ஐந்து சென்டிமீட்டர் ஆழம் என்றால் பல்லை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இறக்குங்கள்.

ஆனால் குழி ஏன் வந்தது என்று பார்க்காமல் இதையெல்லாம் செய்வது வீண். தண்ணீர் நின்ற இடத்தில்தான் குழி வருகிறது. சரளைப் பாதையின் நடு முதுகு உயர்ந்து ஓரத்துக்கு மீட்டருக்கு 4 சென்டிமீட்டராவது சரிய வேண்டும், 3 மீட்டர் அகலப் பாதையென்றால் நடுப்பகுதி ஓரத்தைவிட 6 சென்டிமீட்டர் உயரம். கீழ் லிங்கைத் தூக்கும் லிஃப்ட் கம்பியில் இருக்கும் திருகைச் சுற்றி பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்த்திக்கொண்டு இரண்டு ஓரமும் ஓட்டினால் இந்தச் சரிவை ஓரளவு கொண்டுவரலாம். ஓரளவு என்றுதான் சொல்வேன். பெட்டி மண்ணை நேராகச் சுமக்கும், ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளாது, அந்த வேலைக்குக் கோணம் திருப்பக்கூடிய பின் பிளேடுதான் சரி. நீளமான பாதையை ஆண்டு முழுவதும் பராமரிக்க வேண்டியவர்கள் லேண்ட் பிளேன் கிரேடர் என்ற கருவியையும் பார்த்துவிடுங்கள், பக்கத் தகடு நீளமாக இருப்பதால் அது அலை போடாது, யார் ஓட்டினாலும் மட்டம் வரும். ஆனால் மேட்டை உடைத்துப் பள்ளத்துக்குக் கொண்டுபோய் நிரப்ப அதற்குத் தெரியாது.

ஈரம். மண்ணைக் கைப்பிடி எடுத்துப் பிசைந்தால் உருண்டை பிடிக்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும், அந்தப் பதத்தில் வேலை பாதி நேரத்தில் முடியும். அதைவிட ஈரமாக இருந்தால் களிமண் பின் தகட்டில் அப்பிக்கொண்டு பெட்டியின் கொள்ளளவையே தின்றுவிடும், தரையும் பூசியது மாதிரி இறுகி அப்புறம் தண்ணீரே இறங்காது. ரொம்பக் காய்ந்திருந்தால் பல் பாளம் பாளமாகப் பெயர்க்கும், தூசியில் உட்கார்ந்திருப்பவர் பாடுதான் திண்டாட்டம்.

வயலைச் சமப்படுத்துபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மேட்டில் சீவும்போது முதலில் போவது மேல்மண், சத்தெல்லாம் அதில்தான். அதைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் போட்டுவிட்டால் மேடு இருந்த இடத்தில் அடிமண் வெளியே வந்துவிடும், பயிர் அந்த இடத்தில் மட்டும் நோஞ்சானாக நிற்கும். வெட்டு ஆழமாக இருக்கும் என்று தெரிந்தால் மேல்மண்ணை முதலில் சீவி ஓரமாகக் குவித்துவிட்டு, அடிமண்ணில் மட்டத்தை எடுத்து, கடைசியில் மேல்மண்ணைப் பரப்புங்கள். வேலை இரட்டிப்புதான், வேறு வழியில்லை.

இனி உடைப்பது எப்படி என்று. பல் கீழே இருக்கும்போது ரிவர்ஸ் எடுத்தால் தண்டு வளையும் அல்லது அதை மாட்டிய பின் வெட்டுப்படும். தண்டின் உட்காருமிடம் முன்னோக்கி இழுக்கும் சுமைக்காகச் செய்தது, பின்னோக்கித் தள்ளும் சுமைக்கு அங்கே தாங்கல் கிடையாது. பின் பட்டையால் குவியலைத் தள்ளவேண்டும் என்றால் பல் மேலே, வேகம் குறைவு. அதேபோல் பல் தரையில் இருக்கும்போது திரும்பக் கூடாது, தூக்கி, திருப்பி, இறக்குங்கள், இல்லாவிட்டால் கீழ் லிங்கும் அது பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினும் பக்கவாட்டுச் சுமையில் அடிவாங்கும். இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் டிஃபரன்ஷியல் லாக்கும் நேராகப் போகும்போது மட்டும்தான். மர வேரில் பல் மாட்டினால் கிளட்சை அழுத்தி நிறுத்தி, இழுவை தளரும் அளவுக்கு மட்டும் துளி பின்னால் விட்டுத் தூக்குங்கள், வேகமாக ஓடிவந்து பிடுங்கப் பார்க்காதீர்கள், இது அடிக்கட்டை பிடுங்கும் கருவி இல்லை. கிளறப்போகும் இடத்துக்கு அடியில் தண்ணீர்க் குழாயோ மின்கேபிளோ ஓடுகிறதா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள், பல்லுக்கு பிவிசி குழாய் ஒரு பொருட்டே இல்லை.

கனமான பெட்டி வாங்கச் சொன்னேன், அதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பின்னால் 250 கிலோ தொங்கும்போது முன்சக்கரம் லேசாகிவிடும், மேடேறும்போது ஸ்டீயரிங் கேட்காது. முன்னால் எடை மாட்டுங்கள், பயணத்தின்போது பெட்டியைத் தரைக்கு ஓரடி மேலே வைத்துக்கொண்டாலே போதும், உச்சிவரை தூக்க வேண்டாம். சரிவில் குறுக்கே ஓட்டுவதைத் தவிருங்கள், உருள்காப்புச் சட்டம் உள்ள டிராக்டரில் சீட் பெல்ட் போடுங்கள். பல்லின் பின்னை மாற்றும்போது பெட்டியைத் தரையில் அல்லது கட்டைமேல் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டுவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். ஹைட்ராலிக்கை நம்பித் தூக்கிய பெட்டிக்கு அடியில் கையோ தலையோ போகக்கூடாது, ஒரு ஓஸ் வெடித்தாலோ யாராவது லீவரைத் தட்டினாலோ அது அப்படியே இறங்கும்.

கடைசியாகப் பராமரிப்பு. இதில் சுழலும் பாகம் எதுவுமில்லை, கிரீஸ் வேலை இல்லை, அதனாலேயே கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பல்லின் முனை மழுங்கினால் இறங்காது, தண்டு தேய ஆரம்பிக்கும் முன்பே முனையை மாற்றிவிடுங்கள், முனை சின்னச் செலவு, தண்டு பெரிய செலவு. வெட்டுப் பட்டையை அதன் போல்ட் தலை தேய்ந்து மறைவதற்கு முன் திருப்பி மாட்டுங்கள், மறைந்துவிட்டால் கழற்ற கிரைண்டர்தான் வேண்டும். புதுப் பெட்டியென்றால் முதல் நாள் வேலை முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள், பெயின்ட் நசுங்கி இடம் கொடுப்பதால் அவை நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.